முகூர்த்தம் முடிந்த மண்டபத்தில் குப்பை யாருடையது?

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருக்கிறேன். மேலே மேடையும் ஹாலும், கீழே சாப்பாட்டுக்கூடம், பின்னால் சமையற்கட்டு, பக்கத்தில் தங்கும் அறைகள் என்று எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான். மண்டபம் பார்க்க வருபவர்கள் எத்தனை கார் நிறுத்தலாம், ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், கரண்ட் போனால் ஏ.சி. ஓடுமா என்றெல்லாம் கேட்பார்கள். குப்பையை என்ன செய்வீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மாலையில் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். சமையல்காரர் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போயிருப்பார். மேடை அலங்காரக்காரர் அதற்கும் முன்பே போயிருப்பார். மிச்சம் நானும் குப்பையும்தான்.

முந்தின நாள் ராத்திரி விருந்து, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று வேளையும் சேர்த்து 2,000 இலை விழும் கல்யாணத்தில் ஈரக்குப்பை மட்டும் 400 கிலோவைத் தாண்டும். எங்கள் தராசில் நிறுத்துப் பார்த்த எடை இது. இலை, அதில் மிஞ்சிய சோறு, சாம்பார், காய்கறித் தோல், தேங்காய் மட்டை, மாலைகள், வாசலில் கட்டிய வாழை மரம் எல்லாம் இதில் அடக்கம். தண்ணீர் பாட்டில், கப், அட்டைப்பெட்டி எல்லாம் தனி.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்குக் கூடுதல் பொறுப்பு வைத்தன. குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், ஈரக்குப்பையை முடிந்த அளவுக்குத் தன் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், மிச்சத்தைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். மண்டபக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதில் ஒரு கணக்குப் போடுவார்கள். வருஷத்துக்கு 60 கல்யாணம், ஒன்றுக்கு 400 கிலோ, 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 66 கிலோதான் வருகிறது, அதனால் நாம் அந்தப் பட்டியலில் இல்லை என்று. வகுத்தல் சரிதான். ஆனால் ஆவணி மாத முகூர்த்த நாளில் மதியம் மூன்று மணிக்குப் பின்வாசலில் கிடக்கும் 400 கிலோவுக்குச் சராசரியெல்லாம் தெரியாது. அது அன்றைக்கே நாறும்.

தவிர, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது. ஒரு நாளைக்கு 100 கிலோ குப்பை, ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே பெரிய அளவில் குப்பை உண்டாக்கும் இடம் என்று ஆகிவிடும். ஒரு முகூர்த்த நாளில் எங்கள் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது எனக்குத்தானே தெரியும். ஆக, நான் பட்டியலில் உண்டா இல்லையா என்று வாதாடுவதை விட்டுவிட்டு, உண்டு என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது. இதை முதலாளியிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்ததுதான் என் முதல் வேலை.

அவர் சம்மதித்ததற்கு விதிகள் காரணமில்லை. ஊரின் வேறொரு பக்கம் இருக்கும் ஒரு மண்டபத்துக்கு நடந்தது காரணம். அங்கே குப்பையை அள்ளிப் போக சமையல் காண்ட்ராக்டர் ஒரு டிராக்டர்காரரைப் பிடித்துக் கொடுத்திருந்தார். டிராக்டர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது ஒரு குளத்துக் கரையில் போய்க் கொட்டிவிட்டு வந்தது. கொட்டியது யார் என்று துப்புத் துலக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூட்டையைப் பிரித்ததும் உள்ளே தாம்பூலப் பைகள். மணமக்கள் பெயர், தேதி, மண்டபத்தின் பெயர் மூன்றும் அச்சடித்திருந்தது. அபராதம் மண்டபத்துக்கு வந்தது. டிராக்டர் எங்களுடையது இல்லை, காண்ட்ராக்டர் கூட்டிவந்தது என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. எடுபடவும் கூடாது என்பது என் கருத்து. காசு கொடுத்து ஆள் கையில் ஒப்படைத்துவிட்டால் குப்பை நம்முடையது இல்லை என்று நினைக்கிற பழக்கம்தான் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. எடுத்துப் போகிறவர் எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்பதும், ஒருமுறையாவது வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பதும் மண்டபத்தின் வேலை. நான் போய்ப் பார்த்த பிறகுதான் ஒருவரை நிறுத்தி, இன்னொருவரை வைத்தேன்.

அப்புறம் ஒப்பந்தத் தாளைத் திருத்தினோம். எங்கள் பழைய தாளில் 'சுத்தம் செய்யும் கட்டணம்' என்று ஒரே வரி இருந்தது. அதைப் படித்தால் கல்யாண வீட்டார் காசு கட்டிவிட்டார்கள், மற்றதெல்லாம் மண்டபத்தின் பாடு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். இப்போது மூன்று தரப்புக்கும் மூன்று பகுதி இருக்கிறது. சமையல் காண்ட்ராக்டர், பொரித்த எண்ணெயையும் தன் காலி டின், சாக்கு, அட்டைகளையும் எடுத்துப் போக வேண்டும். காய் நறுக்கும் கழிவைத் தனி டிரம்மில் போட வேண்டும். அலங்காரக்காரர், தான் கொண்டுவந்த பூ அல்லாத எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போக வேண்டும். கல்யாண வீட்டார், தடை செய்யப்பட்ட பொருள் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. மீறினால் டெபாசிட்டில் பிடிப்போம்.

கையெழுத்து வாங்குவது சுலபம், டெபாசிட்டில் பிடிப்பதுதான் கஷ்டம். முதல் சீசனில் ஒரு சமையல் மாஸ்டர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங்க சார், நாங்க சமைக்க வந்தமா, குப்பை பொறுக்க வந்தமா?" அவரோடு சண்டை போடவில்லை. காய்கறிக் கழிவுக்கு டிரம்மை நாங்களே கொண்டுபோய் வைத்தோம், அதுவும் நறுக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. பத்தடி தள்ளி வைத்தால் யாரும் போடமாட்டார்கள், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் போடுவார்கள். அவர் ஆட்கள் தாமாகவே போட ஆரம்பித்த பிறகு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோபிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் விதியின் மேல் இல்லை, கூடுதல் நடையின் மேல்தான்.

குப்பை பிரிப்பது என்றால் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்கி வரிசையாக வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் எல்லாம் கிடக்கும். மண்டபத்தில் குப்பை பிரிவதும் கலப்பதும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது, பந்தியில் இலை எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள். இலை எடுக்கும் அக்காக்கள் அவசரத்தில் இலையை மடித்து, அதோடு பாட்டில், ஐஸ்கிரீம் கப், ஸ்பூன், மேசை பேப்பர் எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டிக் கூடையில் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு அந்தச் சுருட்டைப் பிரிக்க யார் கையை விடுவது? கையுறை போட்டாலும் அது மனுஷர் செய்யக்கூடிய வேலையாக எனக்குப் படவில்லை.

வழியைச் சொன்னதும் அந்த அக்காக்களில் மூத்தவர்தான். "முன்னாடி ஒருத்தி சாக்கை வச்சுட்டு பாட்டிலும் கப்பும் மட்டும் பொறுக்கிட்டுப் போகட்டுங்க. பின்னாடி நாங்க இலையை எடுத்துக்கறோம். ரெண்டு பேருக்கும் கை அழுக்காகாது" என்றார். அப்படியே செய்தோம். ஒரு வரிசைக்கு ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான் செலவு. பந்தி தாமதமாகும் என்று பயந்தேன். ஆகவில்லை. மேசையில் பாட்டில் இல்லாததால் இலை எடுப்பதும் பேப்பரைச் சுருட்டுவதும் முன்பைவிட வேகமாகவே நடக்கிறது.

பாட்டில் விற்ற காசு முழுவதும் அவர்களுக்குத்தான். முதலாளிக்கு இதில் முதலில் மனசில்லை. காயலான் கடையில் கிடைக்கும் அந்தத் தொகை மண்டபத்தின் ஒரு நாள் டீசல் செலவுக்குக்கூடக் காணாது என்று கணக்குக் காட்டியதும் விட்டுவிட்டார். காசு அவர்களுக்கு என்று ஆனதிலிருந்து நான் மேற்பார்வை பார்க்க வேண்டியதே இல்லை. ஒரு பாட்டில்கூடத் தவறி இலையோடு போகாது. பாதி குடித்து வைத்த பாட்டில்களில் தண்ணீரை அவர்களே செடிக்கு ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீரோடு இருந்தால் காயலான் கடைக்காரர் எடையில் கழிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஈரக்குப்பைக்கு வருகிறேன். எங்களிடம் பயோகேஸ் பிளான்ட் விற்க ஒருவர் வந்தார். சமையலுக்கு கேஸ் மிச்சம், குப்பையும் காலி என்றார். ஓட்டலுக்கும் விடுதிக்கும் அது நல்ல யோசனைதான், தினமும் ஒரே அளவு சாப்பாட்டுக் கழிவு வரும் இடங்கள் அவை. மண்டபம் அப்படியில்லை. பிளான்டுக்குள் கழிவைத் தின்று வாயு தரும் நுண்ணுயிர்களுக்கு வேளா வேளைக்குத் தீனி வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் அபூர்வம், மார்கழியில் இல்லவே இல்லை. அந்த மாதங்களில் அவை பட்டினி. தை பிறந்ததும் ஒரே நாளில் 400 கிலோவைக் கொட்டினால் உள்ளே புளித்து அமிலமாகி, வாயு உண்டாவது நின்றுபோகும். ஒருமுறை அப்படிப் புளித்துவிட்டால் திரும்பச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். அந்த விற்பனையாளரிடம் ஆடி மாசத்துக்கு என்ன செய்ய என்று கேட்டேன். பக்கத்து ஓட்டலில் வாங்கிப் போடலாம் என்றார். என் குப்பையைத் தீர்க்க அடுத்தவர் குப்பையை வாங்க வேண்டுமா என்று அனுப்பிவிட்டோம்.

உரக்குழிதான் மண்டபத்துக்கு ஒத்துவருகிறது. பட்டினி போட்டாலும் அது கோபிக்காது. பின்பக்கம் காற்று போகும்படி செங்கல்லை விட்டுவிட்டு வைத்து நான்கு தொட்டிகள் கட்டினோம். மேலே தகரக் கூரை, அடியில் கழிவுநீர் ஒரு குழியில் சேரும்படி சரிவு. ஒன்று நிரம்பினால் அடுத்தது. நாலாவது நிரம்பும்போது முதல் தொட்டி ஆறியிருக்கும். இதில் நாங்கள் பட்ட பாடு முழுவதும் ஈரத்தோடுதான். சாம்பாரும் ரசமும் மோரும் கலந்த இலையை அப்படியே போட்டால் இரண்டாம் நாள் தெருவே மூக்கைப் பிடிக்கும், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் வாசலில் நிற்பார்கள். காற்றுப் போகாமல் அழுகுவதால் வரும் நாற்றம் அது. தீர்வு பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடக்கிறது: தேங்காய் நார்த்தூள். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு; சாப்பாட்டுக் கழிவு இதற்கு நேரெதிர். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரு கூடை இலைக்கு ஒரு கூடை நார்த்தூள் என்று தாராளமாகவே போடுகிறோம். மூன்றாம் நாள் தொட்டிக்குள் கம்பியை விட்டு எடுத்தால் தொட முடியாதபடி சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஈரம் அதிகம், அல்லது கிளறவில்லை என்று அர்த்தம்.

சில சின்ன விஷயங்கள், யாரும் சொல்லித் தராதவை. சாம்பார், ரசம் மிஞ்சினால் வடிகட்டியில் ஊற்றி, சக்கையை மட்டும் தொட்டிக்கு அனுப்புங்கள். வாழை மரத்தை அரவை எந்திரத்தில் போடாதீர்கள். அதன் நார் தண்டில் சுற்றிக்கொண்டு எந்திரமே நின்றுவிடும். அரிவாளால் வில்லை வில்லையாக வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கும். மாலைகளைக் கத்தரித்து நூலை உருவிவிடுங்கள். முன்பெல்லாம் வாழை நாரில் கட்டுவார்கள், பூவோடு நாரும் மக்கிவிடும். இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் நூல். சலிக்கும்போது உரம் முழுக்க நூலாக வரும். ஜரிகை வைத்த மாலையைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் உரத்தை நார்த்தூள் கொண்டுவரும் தென்னந்தோப்புக்காரரே எடுத்துக்கொள்கிறார், பதிலுக்கு நார்த்தூளுக்குக் காசு வாங்குவதில்லை. அதுவே லாபம். அடுத்தடுத்து மூன்று முகூர்த்தம் விழும் வைகாசியில் தொட்டி போதாது. அப்போது மிச்ச ஈரக்குப்பையை, தரம் பிரித்தபடியே, கட்டணம் கட்டி மாநகராட்சியிடம் கொடுக்கிறோம். பிரிக்காமல் கொடுத்தால் அது வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். 2024 ஏப்ரலில் அங்கே பற்றிய தீயின் புகையைச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மக்கும் குப்பை காற்றில்லாமல் அடியில் புதைந்தால் மீத்தேன் உண்டாகும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். அந்தக் குவியலில் ஊர் மண்டபங்களின் இலையும் கிடக்கிறது என்பதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

மாட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் யோசனை சொல்வார்கள். இலையைக் கொடுக்கலாம், காய்கறித் தோல் கொடுக்கலாம். சோற்றை அள்ளி அள்ளிக் கொடுப்பது மாட்டுக்குச் செய்யும் கெடுதல். வெந்த சோறு வயிற்றில் சட்டென்று புளித்து அமிலம் கூடி, வயிறு உப்பி மாடு செத்தேபோகும். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறார்கள். வாளியோடு வரும் மாட்டுக்காரர்களுக்கு நாங்கள் இப்போது சோறு தருவதில்லை.

கை படாமல் அண்டாவில் மிஞ்சும் சாப்பாட்டைக் குப்பைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு 2014இல் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. இப்படி ஓர் அமைப்பைக் கூப்பிடுவதில் நேரம் ரொம்ப முக்கியம். கடைசிப் பந்தி முடிந்து, கல்யாண வீட்டார் பேசி முடித்து, நாலு மணிக்கு போன் செய்தால் அவர்கள் வருவதற்குள் சாம்பார் திரும்பியிருக்கும். இரண்டாவது பந்தி உட்காரும்போதே எவ்வளவு மிஞ்சும் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அப்போதே கேட்டுச் சொல்லிவிடுகிறோம். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, தயிர்சாதம் இவற்றைக் கொடுப்பதில்லை, இவைதான் முதலில் கெடும். சோறு, பொரியல், இனிப்பு கொடுக்கலாம். யாராவது ஒரு பெரியவர், "மிச்சத்தைக் கொடுத்தா நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நல்லதில்லீங்க" என்று தடுத்ததும் உண்டு. முன்பதிவின்போதே மணமகன் வீட்டிலும் மணமகள் வீட்டிலும் சொல்லி வைத்துவிட்டால் இந்த வாக்குவாதம் வராது.

பிளாஸ்டிக் தடையும் அப்படித்தான், முன்பதிவு நாளிலேயே பேச வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் அதில் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. துணிப்பை மாதிரி இருக்கும் நெய்யாத பையும் உண்டு என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெயர் அச்சடித்த ஆயிரம் தாம்பூலப் பையோடு வந்து நிற்கிறவர்களிடம் இது தடை செய்தது என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் அட்வான்ஸ் வாங்கும் அன்றே, எங்கள் மேசையில் இருக்கும் ஒரு நெய்யாத பையையும் ஒரு பருத்திப் பையையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். நெய்யாத பையில் இழை குறுக்கும் நெடுக்கும் ஓடாது, ஓரத்தைக் கொளுத்தினால் உருகிச் சொட்டும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் பருத்திப் பை கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்தச் சோதனையை ஆர்டர் கொடுக்கும் முன்பு கடையிலேயே செய்துகொள்ளலாம். பேப்பர் கப்பா, பிளாஸ்டிக் பூச்சா என்று சந்தேகம் வந்தால் ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் காகிதம் கரைந்து, மெல்லிய தோல் ஒன்று தனியாக மிதந்தால் அது பூச்சுள்ளது. காபிக்கு நாங்கள் எவர்சில்வர் டம்ளர்தான் வைக்கிறோம். கழுவ ஆள் வேண்டும், கப் வாங்கும் செலவு மிச்சம், இரண்டும் ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது.

பொரித்த எண்ணெய் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. வடையும் அப்பளமும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெய் டின் டின்னாக மிஞ்சும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. தினம் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர்கள் எவ்வளவு வாங்கினோம், மிஞ்சியதை யாரிடம் கொடுத்தோம் என்று கணக்கு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல். பழைய எண்ணெயை எடுத்து பயோடீசலாக மாற்றும் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, காசும் தருவார்கள். பிரச்சினை என்னவென்றால், தள்ளுவண்டி பலகாரக் கடைக்காரரும் காசு தருவார், சில சமயம் கூடவே தருவார். அது திரும்ப யாரோ ஒருவர் வயிற்றுக்குத்தான் போகும். எங்கள் ஒப்பந்தத்தில் எண்ணெய் காண்ட்ராக்டருடையது என்றாலும், எடுத்துப் போன நிறுவனத்தின் ரசீது நகலை எங்களிடம் கொடுத்த பிறகுதான் டெபாசிட் திரும்பும்.

தங்கும் அறைகளில் மிஞ்சும் டயபரும் நாப்கினும் இன்னொரு தலைவலி. புதிய விதிகளில் ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நாலாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். அறைக் குளியலறைகளில் மூடியுள்ள தனித் தொட்டியும், பக்கத்தில் சுற்றிப் போடப் பழைய பேப்பரும் வைத்திருக்கிறோம். ஜெனரேட்டரின் கழிவு எண்ணெய், பழைய பேட்டரி, எரிந்துபோன ட்யூப் லைட் எல்லாம் காயலான் கடைக்குப் போகக் கூடாது. பேட்டரியை வாங்கிய கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். எண்ணெயை 90 நாளுக்கு மேல் வைக்காமல் அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு நோட்டு போதும். தேதி, எந்த விசேஷம், எத்தனை இலை, ஈரக்குப்பை எத்தனை கிலோ, எங்கே போனது, எடுத்துப் போன வண்டி எண். சுகாதார ஆய்வாளர் வரும்போது வாயால் சொல்வதைவிட அந்த நோட்டை நீட்டுவது மேல். எனக்கே அதில் ஒரு பலன் கிடைத்தது. ஒரே அளவு கூட்டத்துக்கு ஒரு சமையல்காரரின் கல்யாணத்தில் மட்டும் இலைக்கழிவு எப்போதும் குறைவாக இருப்பதைக் கவனித்தேன். கேட்டால், பரிமாறுகிறவர்களிடம் முதல் சுற்றில் எல்லாவற்றையும் பாதி அளவே வைக்கச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு இரண்டாம் சுற்றில் தாராளம். இதை மற்ற மாஸ்டர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். இலை நிறைய வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் குறை சொல்வார்கள் என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மண்டபமே வேண்டாம், வாசலில் பந்தல் போட்டுக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் 2016 விதிகளில் ஒரு வரி இருந்தது: உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படித் தெரிவித்த ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேடை அலங்காரம்தான் இன்னும் முடியவில்லை. அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. மணமக்கள் பெயரை இப்போது அட்டையிலும் மரப் பலகையிலும் வெட்டி வைக்கிறார்கள். பூக்குச்சி குத்தும் பச்சை ஃபோம் கட்டிகளுக்கு அப்படித் தனித் தடை எதுவும் கண்ணில் படவில்லை. மக்காது, உதிர்ந்து தூளாகிப் பூக்களோடு கலந்து உரத்தொட்டிக்குள் வந்துவிடும். வாழைத்தண்டில் குத்தலாமே, அந்தக் காலத்தில் அப்படித்தானே செய்தார்கள் என்று எங்கள் அலங்காரக்காரரிடம் கேட்டேன். தண்டு கனம், வளைவில் நிற்காது, மேலிருந்து சாறு சொட்டி மாப்பிள்ளை வேட்டியில் கறை பிடிக்கும் என்றார். கறை விஷயத்தில் அவர் சொல்வது நியாயம்தான். மேடைக்குக் கீழே, பாதையின் இரு பக்கமும் வைக்கும் தூண்களுக்கு மட்டும் தண்டு, மேலே வளைவுக்கு ஃபோம் என்று இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலே வைத்ததை அவரே கழற்றி எடுத்துப் போக வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறோம். வரும் தையில் பார்க்க வேண்டும்.